கார்டு செருகிய பிறகு கணினி முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"புது கார்டு ஒன்று செருகினேன், கணினியே போய்விட்டது." இந்தப் புலம்பலை நான் கேட்காத மாதம் குறைவு. கிராபிக்ஸ் கார்டு, வைஃபை கார்டு, யூஎஸ்பி கார்டு, எஸ்எஸ்டி மாட்டும் அடாப்டர் கார்டு என்று கார்டு மட்டும்தான் மாறும். போய்த் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. கணினி கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதற்காக, கார்டு செருகுவதால் கணினி கெடவே கெடாது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். சரியான ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்த நல்ல கார்டு மதர்போர்டைக் கெடுப்பது அபூர்வம். நான் கண்ணால் பார்த்த நிஜமான சேதங்கள் மூன்று வழியில் வந்தவை: மின்சாரம் இருக்கும்போதே செருகியது, பொருந்தாத மின்கேபிளை மாட்டியது, பலவீனமான எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மீது பாரம் ஏற்றியது. கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

கணினியை அணைத்து, சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கணினி அணைந்திருந்தாலும் கம்பி செருகியிருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பல பலகைகளில் ஒரு சின்ன விளக்கு அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

கேபினெட்டின் பெயின்ட் படாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை விடுவித்துவிட்டுக் கார்டை எடுங்கள். மானிட்டர் கேபிளைப் பழைய இடத்தில் மாட்டி, கணினியை இயக்குங்கள். உங்கள் பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் பழைய கிராபிக்ஸ் கார்டையே திரும்ப மாட்டிப் பாருங்கள்.

பழையபடி ஓடுகிறதா? அப்படியானால் கணினிக்கு எதுவும் ஆகவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, உங்கள் அறிகுறிக்கு உரிய பகுதிக்குப் போங்கள். ஓடவில்லையா? நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை, அல்லது ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறது

முதலில் வெட்கப்பட வேண்டிய காரணம்: எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சை மறந்திருப்பீர்கள். நானே இரண்டு முறை அரைமணி நேரம் இதில் தொலைத்திருக்கிறேன். அடுத்து, கை உள்ளே போய் வந்ததில் பவர் பட்டனின் மெல்லிய கம்பியோ 24 பின் பெரிய கேபிளோ அசைந்திருக்கலாம். அழுத்திப் பாருங்கள்.

ஃபேன் துள்ளி நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருமுறை, கார்டை இறுக்கும்போது கைதவறி விழுந்த திருகு ஸ்லாட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே படுத்திருந்தது. அதை எடுத்ததும் கணினி எழுந்துவிட்டது.

திருகு எதுவும் இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். நான் அதிகம் பயப்படும் இடம் இதுதான். பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் கேபிளும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பிராசசர் கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். 12 வோல்ட் வரும் வரிசையும் எர்த் வரும் வரிசையும் இரண்டிலும் தலைகீழ். துளைகளின் வடிவம் தடுக்கும் என்றாலும், அழுத்தி நுழைத்துவிடும் பலசாலிகள் இருக்கிறார்கள். கேபிள் பலம் கேட்டால் அது தப்பான கேபிள்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ்களில் கார்டு பக்கத்து முனைதான் எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடல்களிலேயே மாறும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் ஒன்று பெட்டியில் கிடக்கிறதே என்று புதியதில் மாட்டிய உறவினர் ஒருவர், யூஎஸ்பி கார்டுக்கு மின்சாரம் கொடுக்கப் போய், அதே கேபிளில் தொங்கிய இரண்டு ஹார்டு டிஸ்க்குகளையும் பறிகொடுத்தார். குடும்பப் படங்கள் இருந்தவை. "கார்டுதான் கெடுத்தது" என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கேபிள், திருகு, ஸ்லாட் எல்லாம் சரி, கார்டு இருந்தால் மட்டும் கணினி எழவில்லை என்றால் கார்டிலேயே ஷார்ட் இருக்கலாம். சோதித்துப் பார்க்கிறேன் என்று அதை நண்பரின் கணினியில் செருகாதீர்கள். உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுங்கள்.

## அறிகுறி: ஃபேன்கள் சுழல்கின்றன, திரையில் ஒன்றும் இல்லை

மானிட்டர் கேபிள் எதில் இருக்கிறது? புதிய கிராபிக்ஸ் கார்டு மாட்டிய பின்னும் மதர்போர்டின் துளையிலேயே கேபிளை விட்டிருப்பதுதான் இந்த அறிகுறிக்கு நான் அதிகம் கண்ட காரணம். கார்டின் துளைக்கு மாற்றுங்கள். அடுத்து, கார்டுக்குத் தனி மின்கேபிள் வேண்டுமா, மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் கார்டு முழுதாக உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள். இதைக் கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். கார்டின் அடியில் உள்ள தங்கநிறப் பற்கள் ஸ்லாட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும். ஒரு கோடியில் மட்டும் மெல்லிய தங்கக் கோடு தெரிந்தால் கார்டு சாய்ந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஸ்லாட்டில் இருக்காது. கார்டின் பின்பக்க உலோகத் தகட்டின் கீழ்நாக்கு, மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையே உள்ள சந்தில் இறங்காமல் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். நாக்கைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, கார்டின் இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்தினால் "டக்" என்று கொக்கி பூட்டிக்கொள்ளும். பிறகு திருகை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் தாழ்ந்து பாருங்கள். மலிவான கேபினெட்டுகளில் திருகை இறுக்கும்போதே கார்டின் மறுமுனை மேலே எழும்பிவிடும். அப்படியென்றால் திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பதே நல்லது.

கார்டை அழுத்தும்போது பலகை வளைந்ததில் ரேம் அசைந்திருக்கவும் கூடும். ரேமைக் கழற்றி மறுபடியும் மாட்டுங்கள். பல மதர்போர்டுகளில் பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விளக்கு இல்லாத பலகைகள் பல பீப் ஒலியில் சொல்லும். அதன் கணக்கு அந்தப் பலகையின் கையேட்டில் இருக்கும்.

இன்னும் திரை வரவில்லையா? இதற்கு மேல் மூன்று சாத்தியங்கள்.

கார்டு பழையது, கணினி புதியது: யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை அறியாத பழைய கிராபிக்ஸ் கார்டுகள், பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) சிஎஸ்எம் என்ற பழைய முறைக்கான அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் வாய் திறக்காது. கார்டை எடுத்துவிட்டு, அந்த அமைப்பை இயக்கிப் பாருங்கள். பயாஸில் கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

ரைசர் கேபிள் (ஸ்லாட்டை நீட்டித் தரும் கேபிள்) வழியாகக் கார்டை மாட்டியிருக்கிறீர்கள்: ஸ்லாட்டின் தரநிலையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 காலத்து ரைசரில் 4.0 கார்டு தடுமாறும். ரைசரை நீக்கி நேராக மாட்டிப் பாருங்கள். திரை வந்தால், பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை 3.0 என்று பிடித்து வைத்துவிட்டு ரைசரைத் திரும்ப மாட்டலாம்.

பயாஸ் குழம்பியிருக்கிறது: மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டி இயக்கியதும் இரண்டு மூன்று நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பொறுத்திருங்கள். நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

## அறிகுறி: சும்மா இருக்கும்போது சரி, பாரம் ஏறினால் அணைந்துவிடுகிறது

விளையாட்டின் நடுவிலோ வீடியோ எடிட் செய்யும்போதோ பட்டென்று இருட்டு. கணினிக்கு உண்மையிலேயே கேடு வரக்கூடிய அறிகுறி இதுதான்.

எப்படி அணைகிறது என்பதைக் கவனியுங்கள். முழுதாக அணைந்து, சுவர்ச் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் எழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது. திரை மட்டும் கறுத்து, கார்டின் ஃபேன்கள் பேரிரைச்சலோடு சுழன்றால் கார்டுக்கு மின்சாரமோ குளிர்ச்சியோ போதவில்லை. நீலத்திரை வந்தால் பெரும்பாலும் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது.

செலவில்லாத சோதனை: யூபிஎஸ்ஸை நீக்கிவிட்டுக் கணினியை நேராகச் சுவரில் மாட்டுங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் சிறிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். மானிட்டரும் அதிலேயே இருந்தால் கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும்போது மிச்சம் இருக்காது. அடுத்து, கார்டின் மென்பொருளில் மின் வரம்பை 70 சதவீதத்துக்குக் குறைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அணையவில்லை என்றால் வழக்கு மின்சாரத்தின் மீதுதான்.

இப்போது கூட்டல் கணக்கு. பெரிய ஸ்லாட் கார்டுக்குத் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75. 8 பின் கேபிள் 150. இரண்டு 8 பின் கேட்கும் கார்டு 375 வாட் வரை இழுக்க இடம் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் எழுதிய எண்ணை நம்பாமல், அதன் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெட்டியில் 500 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். லேபிளில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 216 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் அதுதான் மொத்தப் படி. பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் லேபிளில் உள்ளதையும் முழுதாக எதிர்பார்க்க முடியாது. உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களுக்கும் வயதாகும்.

பயாஸின் ஹார்டுவேர் பக்கத்திலோ கண்காணிப்பு மென்பொருளிலோ 12 வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் இடையே இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண் துல்லியமாக இருக்காது என்றாலும், பாரத்தில் 11.4க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் வேளை வந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் மாற்றும் செலவை மிச்சம் பிடிப்பதற்காகக் கார்டையும் மதர்போர்டையும் பணயம் வைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரண்டு தலைகளை மாட்டாமல், தனித்தனிக் கேபிள் கொடுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின்கேபிளை 6 பின்னாக மாற்றித் தரும் குட்டி அடாப்டர் கார்டுடன் வந்திருந்தால் குப்பையில் போடுங்கள். சாட்டா இணைப்பான் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரைதான் தாங்கும். 6 பின் கேட்கும் உரிமை 75 வாட். அளவுக்கு மேல் இழுத்தால் இணைப்பான் சூடாகி, பிளாஸ்டிக் உருகலாம்.

16 பின் கொண்ட புதுவகை இணைப்பான் உள்ள கார்டு என்றால் கூடுதல் கவனம். 600 வாட் வரை போகக்கூடிய அந்தச் சின்ன இணைப்பான்கள் 2022 முதல் சில கார்டுகளில் உருகிய செய்திகள் வந்தன. முழுதாகச் செருகாதது அதில் ஒரு முக்கியக் காரணம். செருகியதும் நகம் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இருக்கக் கூடாது. இணைப்பானை ஒட்டியே கேபிளை மடக்கவும் கூடாது. கழற்றும்போது பின்களில் பழுப்பு நிறம் தெரிந்தால் திரும்ப மாட்டாதீர்கள்.

## அறிகுறி: கருகல் வாசனை, புகை

சுவரில் அணையுங்கள். கம்பியைப் பிடுங்குங்கள். "இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்" என்பது இங்கே கிடையாது. பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள், மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

## அறிகுறி: விண்டோஸ் வருகிறது, கார்டு தெரியவில்லை அல்லது மஞ்சள் குறி

டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் இரண்டு முறை சொடுக்கி, எந்தப் பிழை எண் (Code) என்று பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை. டிரைவரை நீக்கி மறுபடியும் நிறுவுங்கள். 12 என்றால் கார்டு கேட்கும் வளங்கள் போதவில்லை. பயாஸை மேம்படுத்துவதோ வேறு ஸ்லாட்டில் மாட்டுவதோ தீர்க்கலாம். 43 என்றால் கார்டே "எனக்குக் கோளாறு" என்று சொல்லியிருக்கிறது. பழைய டிரைவரின் எச்சங்களைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவியும் 43 போகவில்லையென்றால் கார்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

வைஃபை கார்டில் ஒரு கோழி முட்டைக் கதை உண்டு. டிரைவர் இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போட்டால் முடிந்தது. வைஃபை வேலை செய்கிறது, ப்ளூடூத் மட்டும் இல்லை என்றால் டிரைவரைத் தேடாதீர்கள். கார்டுடன் ஒரு மெல்லிய கேபிள் வந்திருக்கும், பெட்டியிலேயே கிடக்கும். அதை மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி ஹெட்டரில் மாட்ட வேண்டும். ப்ளூடூத் போவது அந்த வழியில்தான்.

எஸ்எஸ்டி அடாப்டர் கார்டில் எஸ்எஸ்டி தெரியவில்லையா? எளிய அடாப்டர்கள் என்விஎம்இ என்ற வகை எஸ்எஸ்டியை மட்டுமே அறியும். உங்களிடம் இருப்பது சாட்டா வகை எம்.2 (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி) என்றால் அது பொருந்தி உட்காரும், ஆனால் தெரியவே தெரியாது. நான்கு எஸ்எஸ்டி மாட்டும் அடாப்டரில் ஒன்று மட்டும் தெரிந்தால், ஸ்லாட்டைப் பிரித்துக் கொடுக்கும் பைஃபர்கேஷன் அமைப்பைப் பயாஸில் தேடுங்கள். மதர்போர்டில் அந்த வசதி இல்லையென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

## அறிகுறி: கார்டு நன்றாக இருக்கிறது, வேறு ஏதோ நின்றுவிட்டது

ஹார்டு டிஸ்க் காணவில்லை. எம்.2 துளையில் எஸ்எஸ்டி போட்டதும் இரண்டு சாட்டா துளைகள் செயலிழப்பது பல மதர்போர்டுகளின் இயல்பான வடிவமைப்பு. டிஸ்க் சாகவில்லை, கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றுங்கள். எந்தத் துளை எதனுடன் பங்கு என்று கையேட்டில் ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்க்காமல் கார்டு வாங்கும் பழக்கத்தை நானும் இன்னும் விடவில்லை.

கணினி தொடங்குகிறது, விண்டோஸ் வரவில்லை. புதிய எஸ்எஸ்டியையோ கார்டையோ பயாஸ் முதல் பூட் சாதனமாக எடுத்துக்கொண்டிருக்கும். வரிசையை மாற்றுங்கள்.

நீலத்திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது. பிட்லாக்கர். வன்பொருளையோ பயாஸ் அமைப்பையோ மாற்றியதும் அது சந்தேகப்பட்டுக் கதவை மூடிக்கொள்ளும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சாவி எங்கே என்று தெரியாமல் பயாஸைத் தொடாதீர்கள். இந்தப் பகுதியில் தரவு நிரந்தரமாகப் போகக்கூடிய இடம் இதுதான். பதறிப்போய் விண்டோஸை மறுபடியும் நிறுவுபவர்கள் அத்தனையையும் இழக்கிறார்கள்.

லினக்ஸில் நெட்வொர்க் போய்விட்டது. கார்டு சேர்ந்ததும் ஸ்லாட்டுகளின் எண்கள் நகர்ந்து, நெட்வொர்க் போர்ட்டின் பெயர் மாறியிருக்கும். அமைப்புக் கோப்பில் புதிய பெயரை எழுதினால் சரி.

## அறிகுறி: சூடு, இரைச்சல், எதிர்பார்த்த வேகம் இல்லை

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலை பத்து டிகிரி போல இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. கார்டின் ஃபேனை ஒட்டி வேறு கார்டு இருந்தால் ஒரு ஸ்லாட் தள்ளி மாட்டுங்கள். நீண்ட கனமான கார்டு தொங்கினால் கீழே ஒரு முட்டு கொடுங்கள்.

வேகக் குறைவுக்கு, ஜிபியூ-இசட் போன்ற மென்பொருளில் கார்டு எத்தனை லேனில் (தரவு ஓடும் தடம்) ஓடுகிறது என்று பாருங்கள். நீளமான ஸ்லாட் எல்லாமே 16 லேன் அல்ல. கீழே இருக்கும் பெரிய ஸ்லாட்டுக்குள் பல பலகைகளில் 4 லேன்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக் காட்டும். அளவைப் பாரம் ஏற்றியே பாருங்கள்.

சவுண்டு கார்டில் இரைச்சல் கேட்டால் கிராபிக்ஸ் கார்டிலிருந்து தள்ளி மாட்டுங்கள். அதிலும் போகவில்லையென்றால் ஸ்பீக்கரையும் கணினியையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள்.

## கார்டை எடுத்த பின்னும் கணினி சரியாகவில்லை

இங்கேதான் சேதம் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். அதற்கு முன் இரண்டு சோதனை: ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து இயக்குவது, பொத்தான் பேட்டரியை எடுத்துப் பயாஸை மீட்டமைப்பது. இரண்டிலும் பலன் இல்லையென்றால் டார்ச்சுடன் ஸ்லாட்டைப் பாருங்கள். உள்ளே வளைந்த பல், கருமை, ஓரத்தில் பெயர்ந்து வந்த ஸ்லாட், பக்கத்தில் இருந்த அரிசி அளவு பாகம் உதிர்ந்த தடம். கொக்கியை விடுவிக்காமல் கார்டை இழுத்தால் ஸ்லாட் பெயரும். திருப்புளி வழுக்கினால் பாகம் உதிரும். இவற்றில் எதைக் கண்டாலும் நிறுத்துங்கள். ஊசியால் பல்லை நிமிர்த்தும் முயற்சியில் ஒரு பல் மூன்றாகும்.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது கார்டையும், எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லாக் கேபிள்களையும் சேர்த்தே கொண்டு போங்கள். எந்த ஸ்லாட்டில் மாட்டினீர்கள், எந்தக் கேபிளைக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மின்சாரம் இருக்கும்போது செருகியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டால் அவர் முதலில் ஸ்லாட்டையும் அதற்கு மின்சாரம் தரும் பகுதியையும் அளப்பார். மறைத்தால் ரேமிலிருந்து தொடங்கி, அரை நாள் கழித்து அதே இடத்துக்கு வந்து சேர்வார்.